புரிஞ்சுதுங்க மிஸ்

பீளமேடு, கோயம்புத்தூர்
புரட்டாசி நான்காம் சனிக்கிழமை

கண்ணு லாஸ்யாவுக்கு,

நைனா எழுதுவது. பெருமாள் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் அண்ணன் சசிதரும் இங்கே சௌக்கியம். டப்ளினில் நீயும் உன்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் நிதாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போதே வேண்டிக்கொண்டுவிட்டேன். தினமும் போனில் முகம் பார்க்கிற மனுஷன் எதற்குப் பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்வதில் பாதியைத் திருத்துவாள், மீதியைச் சொல்லவே விடமாட்டாள். இன்றைக்கு அவள் பக்கத்து வீட்டாரோடு காரமடைக் கோயிலுக்குப் போயிருக்கிறாள், திரும்பி வர மதியம் ஆகும். வீட்டில் நாம் பேசுகிற தெலுங்கு எனக்கு நாக்கோடு சரி, கைக்கு வராது, ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். சசிதர் இதைப் படமெடுத்து உனக்கு இன்றைக்கே அனுப்பிவிடுவான், அசல் கடிதம் பார்சலோடு பின்னால் வரும்.

வீட்டு நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை, சிறுவாணித் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, அதனால் அம்மா மோட்டார் போடச் சொல்லி என்னைப் படுத்துவது குறைந்திருக்கிறது. கணபதியில் நம் கிரைண்டர் பட்டறையில் தீபாவளி ஆர்டர் சூடு பிடித்துவிட்டது. ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவிவிட்டு, கல் கொத்தும் உளிக்குக்கூட சந்தனம் வைத்துக் கும்பிட்டோம், ஆட்களுக்குப் பொரி கடலையோடு ஆளுக்கொரு சட்டைத் துணி. சசிதருக்குப் பெருந்துறை வேலை பிடித்துப்போய்விட்டது, போகவர அலைச்சல்தான், ஆனால் இளைத்துப் போயிருக்கிறான் என்று அம்மா சொல்வதை நம்பாதே, தொப்பை வந்து வேட்டி இடுப்பில் நிற்கமாட்டேனென்கிறது, அந்த அழகில் இருக்கிறான். போன வாரம் சென்னிமலை முருகனைக் கும்பிடப் போனவன் அங்கேயே தறிக்காரர் வீட்டில் உனக்கும் நிதாவுக்கும் இரண்டு பெட்ஷீட் வாங்கி வந்திருக்கிறான். என் முழங்கால் தேவலை. மாடிப்படி ஏறும்போது மட்டும் பேசுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பயப்படாதே, பயப்பட வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது, அதனால்தான் நான் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன். ஆடி மாதத்திலிருந்து அம்மா உன்னோடு சரியாகப் பேசவில்லை, "சாப்ட்டியா, சரி, நைனாகிட்டப் பேசு" என்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போய்விடுகிறாள். அம்மாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று நீயும் கேட்டுக்கொண்டே இருந்தாய், ஸ்கூலில் வேலை ஜாஸ்தி என்று நானும் மழுப்பிக்கொண்டே இருந்தேன். நிஜத்தைச் சொன்னால், அம்மா வேலையை விட்டுவிடுவதாக இருந்தாள். ரிட்டயர் ஆக இன்னும் வருஷங்கள் இருக்கும்போதே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்காருவது என்று முடிவே கட்டிவிட்டாள். அதற்குக் காரணம் நீ சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன அந்த அட்டை வித்தை. உடனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளாதே, உன் மேல் ஒரு தப்பும் இல்லை, அம்மாவும் இப்போது அப்படித்தான் சொல்கிறாள், முழுவதையும் படி.

சித்திரையில் நீ வந்திருந்தபோது, நிதா தான் டீச்சராக இருக்கும் ஸ்கூலில் செய்கிறாளென்று ஒரு வித்தையை அம்மாவுக்குக் காட்டினாய் அல்லவா. பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் கறுப்புக் கட்டம் அச்சடித்த ஓர் அட்டை, அதன் நான்கு பக்கமும் நான்கு விடை. கேள்வியைக் கேட்டதும் தான் நினைக்கிற விடை மேலே வருகிற மாதிரி அட்டையைத் திருப்பித் தூக்க வேண்டியது. டீச்சர் தன் போனை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுக் காட்டினால் போதும், எந்தப் பிள்ளை எதைச் சொன்னது என்று பெயரோடு திரையில் வந்துவிடும், சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. ஒரு அட்டை மாதிரி இன்னொரு அட்டை இருக்காது, ஆகவே பக்கத்து ஆளைப் பார்த்துக் காப்பியடிக்கவும் முடியாது, தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று யாரும் யார் முன்னாலும் கூச வேண்டியதும் இல்லை. அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். போன வருஷம் அவள் ஸ்கூலுக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தார்கள், அதில் படம் போட்டால் பிள்ளைகள் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்த மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார்களே தவிர பாடத்துக்குள் வருவதில்லை என்று அவளுக்கு ஒரு குறை. இதில் பிள்ளைகளுக்குக் கை வேலை இருக்கிறது என்று சொல்லி, நீ பிளைட் ஏறின மறுநாளே ரசாக் கடையில் அட்டைகளைப் பிரிண்ட் எடுத்து லாமினேட்டும் செய்து வாங்கி வந்துவிட்டாள்.

முதன்முதலாக அதைப் பத்தாம் வகுப்பில் மின்சாரப் பாடத்துக்குத்தான் எடுத்தாள். அந்தப் பாடம் அம்மாவுக்குக் கைவந்த பாடம் என்பது உனக்கே தெரியும், நீயே அவளிடம் படித்தவள்தானே. வெங்கடலட்சுமி மிஸ் நடத்தினால் சுவருக்கும் புரியும் என்று பெற்றவர்கள் சொல்லிக் கேட்டு நானே மீசையை முறுக்கியிருக்கிறேன். அன்றைக்கும் நடத்தி முடித்து வழக்கம்போல "புரிஞ்சுதா கண்ணுகளா?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பு மொத்தமும் "புரிஞ்சுதுங்க மிஸ்" என்று ராகம் போட்டுச் சொல்லியிருக்கிறது. அப்புறம்தான் அட்டையைத் தூக்கச் சொல்லிக் கேள்வி கேட்டாள். மூன்று பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் தொடராக இணைத்திருக்கிறோம், நடுவில் ஒன்று பியூஸ் போய்விட்டால் மற்ற இரண்டும் என்ன ஆகும்? அணைந்துவிடும் என்பது சரி. போனைச் சுற்றிக் காட்டினால் திரையெல்லாம் சிவப்பு. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொஞ்சம் பச்சை. லாமினேஷன் பளபளப்பில் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் போன் தப்பாகப் படிக்கிறது என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்தாள், அதில் கொஞ்சம் நிஜமும் இருந்தது. திரும்ப ரசாக் கடைக்குப் போய்ப் பளபளப்பில்லாத கெட்டி அட்டையில் எல்லாவற்றையும் புதிதாக அடித்து வாங்கினாள். மறுபடி அதே கேள்வி, மறுபடி அதே சிவப்பு. இந்தத் தடவை போன் மேல் பழி போட வழியில்லை.

வகுப்பில் முதலாவதாக வருகிற மோகனப்பிரியா என்ற பெண்ணின் பெயரும் சிவப்பில் இருந்ததுதான் அம்மாவுக்குப் பெரிய அடி. வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் கண்ணு அப்படிப் போட்டே என்று கேட்டாள். அந்தப் பெண் என்ன சொன்னது தெரியுமா? மீதி இரண்டு பல்பும் இன்னும் பிரகாசமாக எரியும் என்று. எப்படி என்றால், "மூணு பங்காளியில ஒருத்தரு இல்லீன்னா மிச்ச ரெண்டு பேருக்கும் பங்கு கூடுமில்லீங்களா மிஸ்" என்று. எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை, நம் ஊர்ப் பிள்ளைதான் கரண்டைக்கூடக் காடு தோட்டத்தைப் பங்கு போடுகிற மாதிரி பங்கு போடும். பெரும்பாலான பிள்ளைகள் இதே கணக்கைத்தான் போட்டிருக்கின்றன. அம்மா சிரிக்கவில்லை. சரி, புரியலைன்னா புரியலைன்னு சொல்லக் கூடாதா, எதுக்குப் புரிஞ்சுதுன்னு சொன்னே என்று கேட்டாள். அதற்கு அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க தொண்டத் தண்ணி வத்த இத்தன நேரம் நின்னு சொல்லிக் குடுத்துப்போட்டு ஆசையாக் கேக்கறீங்க. புரியலீங்கன்னா உங்களுக்குச் சங்கட்டமா இருக்குமில்லீங்க மிஸ். எல்லாருமே அப்புடித்தானுங்க சொல்லுவோம்" என்றதாம்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்த அம்மாவை நீ பார்த்திருக்க வேண்டும், இல்லை, பார்க்காததே நல்லது. பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய், அட்டை எப்படிம்மா இருந்துச்சு, எத்தனை பேர் கரெக்டாப் போட்டாங்க என்று துள்ளிக்கொண்டு கேட்டாய். நல்லா இருந்துதும்மா என்று சொல்லிப் போனை என் கையில் கொடுத்துவிட்டாள். நீ சந்தோஷப்பட்டாய். நான் எதிரில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ போனை வைத்ததும், ஏனுங்க, அப்ப இத்தனை வருசமா நான் ஆருக்குப் பாடம் நடத்தினேன், இத்தனை பிள்ளைகளும் என்னைப் பார்த்துப் பாவப்பட்டுத்தான் தலையாட்டினாங்களா என்று கேட்டாள். அவள் தெலுங்கில் கேட்டதைத் தமிழில் எழுதும்போது அதிலிருந்த வலி பாதி போய்விடுகிறது. நான் எனக்குத் தெரிந்த சமாதானமெல்லாம் சொன்னேன், பரீட்சையில் எல்லாப் பிள்ளைகளும் பாஸ் பண்ணுகிறார்களே என்றேன். கைடைப் பார்த்து மனப்பாடம் பண்ணி எழுதுதுங்க, அதுக்கு நான் எதுக்கு என்றாள். உன் மேலும் கோபப்பட்டாள், மறைத்து என்ன ஆகப் போகிறது. பெத்த தாயைப் பரீட்சை எழுத வைத்துப் பெயிலாக்கிவிட்டாள் என்று சொன்னாள். மறுநாளே தலைமையாசிரியர் அரங்கசாமியிடம் போய், காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் விருப்ப ஓய்வு கேட்கப் போகிறேன், பத்தாம் வகுப்புக்கு வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அட்டைகளையெல்லாம் கட்டிப் பீரோ மேலே தூக்கிப் போட்டாயிற்று.

எனக்கு அந்த நாட்களில் பட்டறையில் வேலையே ஓடவில்லை, கண்ணு. அம்மாவுக்கு ஸ்கூல் இல்லாமல் போனால் என்ன ஆவாள் என்றே யோசித்துக்கொண்டிருப்பேன். நானாவது எந்த வேலையையும் வேலை என்றே பார்ப்பவன். அவள் அப்படியில்லை, ரோட்டில் எதிரே ஒரு பழைய மாணவன் பைக்கை நிறுத்தி வணக்கம் சொன்னால் அன்று முழுக்க அந்தப் பேச்சாகவே இருப்பவள். அந்த நேரத்தில் யாராவது பழைய மாணவர் வணக்கம் சொன்னால்கூட, இதுவும் சும்மாதானோ என்று சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அது தாங்கவில்லை.

தலைமையாசிரியர் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். மனுஷருக்குப் பாவம், அம்மாவை விட்டால் அறிவியலுக்கு ஆளில்லை. வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புவாளா உன் அம்மா, அரிசியும்பருப்புச் சாதம் செய்து, நெய்யும் அப்பளமும் தயிருமாக இலை போட்டுவிட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், புது முறை என்றால் முதலில் இப்படித்தான் இருக்கும், பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறேன் என்றார், இவள் காதிலேயே வாங்கவில்லை. இலையில் சோறு தீர்ந்ததும் இவள் கரண்டியோடு வந்தாள். "போதுங்க டீச்சர்" என்றார். இவள் ஒரு கரண்டி போட்டாள். கையைக் குறுக்கே வைத்து, "நெசமாவே போதுங்க" என்றார். கையைத் தள்ளிவிட்டு இன்னொரு கரண்டி போட்டு நெய்யும் ஊற்றிவிட்டாள். அவர் இலையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், அப்புறம் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஏனுங்க டீச்சர், நானு ரெண்டு தடவ போதுங்கன்னு சொன்னேன், நீங்க துளி நம்புனீங்களா? இந்த ஊருல எந்த ஊட்டுலயாச்சும் மொதல் போதுங்கவ நம்பிக் கரண்டிய எடுத்துட்டுப் போவாங்களா? அப்பறம் பசங்க புரிஞ்சுதுங்கன்னு ஒருக்காச் சொன்னதும் நீங்க எதுக்கு டஸ்டரத் தூக்கிட்டுக் கெளம்பிப்போட்டீங்க?" என்று கேட்டார். அம்மா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நான் நல்லவேளையாக வாயைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் ஏதாவது உளறி அந்த நேரத்தைக் கெடுத்திருப்பேன். அவர் கிளம்பும்போது, காலாண்டு வரைக்கும் உங்க இஷ்டப்படி நடத்துங்க, அப்பறமும் போகணும்னு தோணினால் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டூலைப் போட்டுப் பீரோ மேலிருந்து அட்டைகளை எடுக்கச் சொன்னாள். முழங்கால் வலியை மறந்து ஏறினேன். அதிலிருந்து வகுப்பை வேறு மாதிரி ஆக்கிவிட்டாள். சித்திரையில் நிதா உனக்கு எழுதி அனுப்பி, நீ அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன முறையைத்தான் இவளும் பிடித்துக்கொண்டாள், உன்னிடம் சொல்லத்தான் வீம்பு விடவில்லை. முதலில் கேள்வி, அட்டையைத் தூக்குவது, போனில் பார்ப்பது. எது சரி எது தப்பு என்று இவள் வாயைத் திறப்பதில்லை. பக்கத்தில் இருக்கிற ஆளிடம் நீ ஏன் அப்படி நினைக்கிறாய் என்று சொல்லிச் சண்டை போடு என்று விட்டுவிடுகிறாள். அப்புறம் மறுபடி அதே கேள்விக்கு அட்டை. முதல் நாள் அந்தப் பல்பு கேள்வியையே எடுத்திருக்கிறாள். மோகனப்பிரியா தன் பங்காளிக் கணக்கைச் சொன்னாளாம். அவள் பக்கத்து வரிசையில் மிதுன் என்று ஒரு பையன், வகுப்பில் வாயே திறக்காதவன், கோபிப் பக்கம் அவன் தாத்தாவுக்கு வாய்க்கால் பாசனம் போலிருக்கிறது. "பங்கெல்லாம் இல்ல, இது மூணு காட்டயும் சுத்திக் கெளம்புன எடத்துக்கே திரும்பற ஒரே வாய்க்கா மாதிரி. நடுவுல வாய்க்கா ஒடஞ்சுபோச்சுன்னா தண்ணி எப்புடிச் சுத்தி வரும்?" என்று கேட்டானாம். அந்தப் பெண் பெஞ்சில் விரலால் ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, அட ஆமா, சுத்தி வரவேண்டிய வழியே இல்லியே என்றதாம். இரண்டாம் தடவை போனைக் காட்டினபோது திரை பெரும்பாலும் பச்சையாகியிருந்தது. இவள் தன் பாடத்தில் ஒரு வார்த்தை புதிதாகச் சொல்லவில்லை. அதைச் சொல்லும்போது இவள் குரலில் பெருமையும் கொஞ்சம் பொறாமையும் இருந்தது என்று எனக்குப் பட்டது.

இதற்காக நானும் உழைத்தேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன், உன் அம்மா சொல்லமாட்டாள். பட்டறையில் ஒரு பலகையை இழைத்து, சின்ன பேட்டரி பல்புகளை வைத்து, ஒரு பக்கம் தொடராகவும் இன்னொரு பக்கம் பக்க இணைப்பாகவும் வயர் பண்ணிக் கொடுத்தேன், எந்தப் பல்பையும் திருகிக் கழற்றிப் பார்க்கலாம். பிள்ளைகள் கழற்றிக் கழற்றி அதில் மரையே தேய்ந்துவிட்டது, இரண்டாவது பலகையும் செய்து கொடுத்தாயிற்று. சின்னச் சின்ன வீடியோவும் எடுத்து வகுப்புக் குழுவில் போடுகிறாள், கேமராக்காரர் நான்தான். முதல் வீடியோவில் புஸ்தகத் தமிழில் "மாணவச் செல்வங்களே" என்று ஆரம்பித்தாள், நானே தூங்கிவிட்டேன். வீட்டில் என்னைத் திட்டுகிற மாதிரி பேசு என்றேன், அப்புறம்தான் பிள்ளைகள் பார்க்கிறார்களாம். எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைக்காதே. வகுப்பில் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வகுப்புத் தமிழையா இரண்டு முறை புகார் சொன்னார், அட்டையில் ஒன்றை ஒருத்தன் விசிறி ஆக்கி மடக்கிவிட்டான், ஒரு நாள் போனில் சார்ஜ் தீர்ந்து நடுவழியில் நின்றது. பாடம் மெதுவாகப் போகிறது, போர்ஷன் முடியாது என்ற கவலை வேறு. இவள் வேலையை விடுவாளா மாட்டாளா என்பது மட்டும் எனக்குத் தெரியவே இல்லை. கேட்டால் காலாண்டு முடியட்டும் என்பாள்.

காலாண்டும் முடிந்து, லீவும் முடிந்து, இந்தத் திங்கட்கிழமை ஸ்கூல் திறந்தார்கள். காலையில் புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டே, இன்னைக்கு அரங்கசாமி சாரைப் பாத்துப் பேசணும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்று பட்டறையில் ஒரு மோட்டாருக்கு வயரை மாற்றிக் கொடுத்து, கிரைண்டர் எதிர்ப்பக்கம் சுற்றி, ஆட்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி ஆகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு ஓடிவந்து வாசலிலேயே நின்றேன். வண்டியை நிறுத்தும்போதே அவள் கண் சிவந்திருந்ததைப் பார்த்தேன், முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். உள்ளே வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், "ஏனுங்க, இன்னைக்கு ஒருத்தன் புரியலைன்னு சொல்லிப்போட்டானுங்க" என்றாள்.

நடந்தது இதுதான். புதுப் பாடம் நடத்தியிருக்கிறாள். அட்டையெல்லாம் பையில் இருக்கிறது, எடுக்கவில்லை. பழக்க தோஷத்தில் புரிஞ்சுதா கண்ணுகளா என்று கேட்டுவிட்டாள். வழக்கம்போல எல்லோரும் ராகம் போட்டிருக்கிறார்கள். அந்த ராகம் முடிந்த பிறகு கடைசி பெஞ்சிலிருந்து மிதுன் எழுந்து நின்று, "இல்லீங்க மிஸ், எனக்குப் புரியலீங்க" என்றானாம். வகுப்பே அவனை ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவனைப் பார்க்கிற மாதிரி திரும்பிப் பார்த்திருக்கிறது. அவனுக்கே பயம் வந்து உட்காரப் பார்த்திருக்கிறான். இவள் சாக்பீஸை வைத்துவிட்டு, இன்னொருக்கா சொல்லு கண்ணு, எல்லாருக்கும் கேக்கட்டும் என்றாளாம். அவன் மறுபடி சொன்னான். இவள் சிரித்துக்கொண்டே, எந்த எடத்துல இருந்து புரியலை, அங்கிருந்து வாரேன் என்று சொன்னதும், அதுக்கும் முன்னாடியிருந்தே புரியலீங்க என்று மோகனப்பிரியா கையைத் தூக்கியிருக்கிறாள். அப்புறம் இன்னும் சில கைகள். மணி அடித்து அடுத்த டீச்சர் வாசலில் வந்து நிற்கும்வரை ஒருத்தரும் அசையவில்லையாம். நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய், எனக்கு ஓய்வெல்லாம் வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டாள். அவர் எதுவும் கேட்காமல் டீ வரவழைத்துக் கொடுத்தாராம். இதைச் சொல்லிக்கொண்டே அழுதாள், நானும் அழுதேன், மறைப்பானேன். அந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை கண்ணு, நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த ஆட்டுக்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு இரண்டு மாதம் கழித்து அவள் கையால் பணியாரம் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா காரமடையிலிருந்து வந்துவிட்டாள். மறைக்க நேரமில்லை. பிடுங்கி நின்றபடியே முழுவதையும் படித்தாள். மிதுன் கடைசி பெஞ்சு இல்லை, நடு பெஞ்சு என்று முதல் திருத்தம் சொன்னாள், அழுதது நான் முதலில், அவள் பிறகு என்பது இரண்டாவது. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு, அவ மேல எனக்குக் கோபமெல்லாம் இல்லைன்னு எழுதுங்க, வெக்கமா இருந்துது, வெக்கத்தைக் கோபமாக் காட்டிப்போட்டேன்னு எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னாள். போன வாரம் வீடியோவில் நீ வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று. நான் அதைக் கவனிக்கவே இல்லை, அம்மா போனை வாங்காவிட்டாலும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஹீட்டர் ஓடுகிறதா என்று நான் கேட்டதற்கு ஓடுது நைனா, நல்லா இருக்கேன் என்று சொன்னாய். உடம்பு எப்படி என்றாலும் நல்லா இருக்கேன், ஆபீஸ் எப்படி என்றாலும் நல்லா இருக்கேன், அங்கே போனதிலிருந்து நீ வேறு பதிலே சொன்னதில்லை என்று இப்போது யோசித்தால் படுகிறது. "நம்ம மனசு நோகக் கூடாதுன்னு தலையாட்டற பிள்ளைக என் வகுப்புல மட்டுந்தானா இருக்குது" என்று அம்மா கேட்டாள். நாளை ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை அம்மாதான் எடுப்பாள், என்னிடம் தரமாட்டாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்பாள், நீ நல்லா இருக்கேன் என்பாய், அவள் மறுபடியும் கேட்பாள். அப்போது உள்ளதைச் சொல்லிவிடு, கண்ணு. எங்களுக்குச் சங்கடமாக இருக்காது. இருந்தாலும் தாங்கிக்கொள்வோம், அதற்குத்தானே பெற்றோம்.

பெருமாள் எந்நேரமும் உன் கூடவே இருக்கட்டும், நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும். நிதாவுக்கு எங்கள் ஆசீர்வாதத்தைச் சொல், அவள் சொல்லிக் கொடுத்த முறையால் கோயம்புத்தூரில் ஒரு டீச்சர் வேலையில் இருக்கிறாள் என்றும் சொல். பெட்ஷீட் கனம் ஜாஸ்தி, முதல் தடவை தனியாகத் துவை, சாயம் போகும்.

இப்படிக்கு,
உன் நைனா
சென்னகிருஷ்ணன்

லாஸ்யா, ஹீட்டர் ஓடுதா இல்லையா?
அம்மா